கோப்பையைக் கீழே வைத்த பிரபு

முதலாவது, முக்கோணம் வரையாதீர்கள்.

கோட்டைக்குப் புதிதாக வரும் வழிகாட்டிகள் எல்லோரும் செய்கிற முதல் வேலை அதுதான். உச்சியில் அரசர், அவருக்குக் கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே வீரர்கள், அடித்தட்டில் பண்ணையடிமைகள். பார்க்க வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள், ஒரு படம் எடுப்பார்கள், கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். நிலமானிய முறை முடிந்தது. நானும் அப்படித் தொடங்கியவன்தான், அதனால் உங்களைக் கேலி செய்ய எனக்குப் பூரண உரிமை உண்டு.

இந்தக் கோட்டைக்கு நான் தரை துடைக்க வந்தேன், வழிகாட்டியாக ஓய்வு பெற்றேன். உங்களில் இரண்டு பேர் இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் என்றும், வரும் கோடையிலிருந்து தமிழிலும் சுற்றிக் காட்டப் போகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டபோது, மத்தியானத் தூக்கத்தில் இருந்த மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் திட்டினாள். திட்டு வாங்கினாலும் சந்தோசம் குறையவில்லை. ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். கோட்டை கட்டிய ஆண்டு, மதிலின் தடிப்பு, யார் யாரை வென்றார் என்பதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் நான் சரித்திர ஆசிரியர். ஐரோப்பிய நிலமானிய முறையை வருடா வருடம் படிப்பித்தேன், எங்கள் ஊர் ஒல்லாந்தர் கோட்டையைத் தவிர வேறு கோட்டை காணாமல். அதையும் வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். பிறகு நாட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அகதியாக வந்து, ஏரிக்கரையில் உள்ள நம்முடைய இந்தக் கோட்டையில் துடைப்பத்தோடு நின்றேன். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் பக்கத்துச் சுற்றுலா ஊரான இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினிகளில் வேலை செய்தார்கள். நான் படிப்பித்த பாடத்தின் தரையையே துடைக்கக் கிடைத்தது என்னுடைய அதிர்ஷ்டம்.

ஒரு நாள் பெரிய மண்டபத்தில், கோட்டைக் குசினியில் கோப்பை கழுவும் தர்மு என்னிடம் கேட்டான். "வாத்தியார், இவ்வளவு பெரிய வீட்டிலை எத்தினை பேர் இருந்தவை? இதைக் கட்டினது ஆர்?" எனக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். ஈரத் துணியால் கல்தரையில் பெரிய முக்கோணம் ஒன்றை இழுத்து, கோடுகள் போட்டு, விளக்க ஆரம்பித்தேன். முதுகுக்குப் பின்னால் செருமல் கேட்டது. கோட்டையின் பொறுப்பாளர் அம்மையார் நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். தன் அறை வாசலில் பெயர்ப் பலகை மாட்டவே விடாதவர், இங்கே எழுதினால் கல்லறையில் இருந்தபடியே கோபிப்பார். இடைக்காலச் சரித்திரத்தில் பெரிய படிப்பு படித்தவர். மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும் காலில் இறப்பர் சப்பாத்து. தரை துடைப்பவனையும் "நீங்கள்" என்று அழைக்கிற மனுசி. தரையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டார். தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். முக்கோணம் காயும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் யாரும் யாரையும் பார்க்கவில்லையே" என்றார். "எல்லோரும் அவரவர் பெட்டிக்குள் வசதியாக இருக்கிறார்கள். ஒருவன் வாசலில் வந்து நிற்கும்போது மற்றவன் எழும்புகிறானா, இருந்த இடத்திலேயே இருக்கிறானா? அதைச் சொல்லுங்கள். அதுதான் நிலமானிய முறை."

அந்த ஒரு பேச்சுக்காகவே அவருக்கு நான் காலம் முழுவதும் கடன்பட்டவன். அதன் பிறகு அவர் எனக்குப் புத்தகங்கள் தந்தார், ஜேர்மன் திருத்தினார், தமிழ் ஆட்களோடு கதைக்க வேண்டிய நேரமெல்லாம் என்னைக் கூப்பிட்டார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகிவிடும். ஏரிக் கப்பலின் ஊதல், முற்றத்துக் கற்களில் வெயில் ஏறும் மணம், குசினிக்குள் யாரோ கள்ளமாகப் போட்ட மிளகாய்த்தூளுக்குச் சமையல்காரர் தும்முகிற சத்தம். எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. எப்போது திருப்பி அனுப்புவார்களோ என்ற பயம் மட்டும் தாராளமாக இருந்தது. இருந்தும் அவ்வளவு சிரித்தோம்.

இனித் தர்முவையும் பொன்னம்பலம் அண்ணையையும் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அவர்களுடையது.

பொன்னம்பலம் அண்ணை கோட்டைக் குசினியில் இரண்டாவது சமையல்காரர். எங்கள் எல்லோருக்கும் முன்னரே வந்தவர். கோட்டையடிக் கிராமத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியை அவர்தான் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். ஆறு பேர் அதில் இருந்தோம். யாருக்கு எங்கே வேலை காலி என்று அவருக்குத் தெரியும். அவர் தலைமைச் சமையல்காரரிடம் ஒரு சொல் சொன்னால் வேலை கிடைக்கும், இன்னொரு சொல் சொன்னால் போகும். நல்ல மனிதர். காய்ச்சல் வந்தவனுக்கு இரசம் வைத்துக் கட்டிலடியில் கொண்டுவந்து கொடுப்பார். நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். ஊரில் புகையிலைத் தோட்டம், நாற்சார் வீடு, நன்னீர்க் கிணறு எல்லாம் உள்ள குடும்பம்.

தர்முவும் அதே ஊர். அவனுடைய தகப்பனும் தகப்பனின் தகப்பனும் பொன்னம்பலம் அண்ணையின் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கூலிக்கு என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் கலியாணம் என்றால் விறகு கொத்த இவர்கள், செத்தவீடு என்றால் பந்தல் போட இவர்கள். அந்த வீட்டார் கேட்கிற வழக்கமும் இல்லை, இவர்கள் மறுக்கிற வழக்கமும் இல்லை. ஊரில் பிரச்சினை முற்றியபோது தர்முவை இங்கே எடுப்பித்தவரும் பொன்னம்பலம் அண்ணைதான். "எங்கட ஆள்" என்று சொல்லித்தான் குசினியில் சேர்த்துவிட்டார். அந்தச் சொல்லில் அன்பும் இருந்தது, உரிமையும் இருந்தது. அந்த மேல்மாடியில் நாங்கள் எல்லோரும் அவரை "அண்ணை" என்றோம், தர்மு மட்டும் "ஐயா" என்றான். நாங்கள் முறை வைத்துச் சமைத்தோம், தர்முவுக்குச் சமையல் முறை வரவே இல்லை. அவனுடைய தட்டும் தண்ணீர்ப் பேணியும் யன்னல் ஓரத்தில் தனியாக இருந்தன. யாரும் வைக்கச் சொல்லவில்லை. அவனாகவே வைத்தான், நாங்களும் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அவனுக்கு ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். இங்கே இருந்து அவன் அனுப்புவதில்தான் அடுப்பு எரிந்தது. அந்த அறையும் குசினி வேலையும் போனால் திரும்ப அகதி முகாம்தான். அப்போது அவன் மிகக் கூடுதலாகப் பயந்த விஷயம் அது. பொன்னம்பலம் அண்ணையின் முகம் கறுத்தால் இவனுக்கு அன்று சாப்பாடு இறங்காது.

பொறுப்பாளர் அம்மையார் கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். "பழைய காலத்தில் ஒரு நாள்" என்று பெயர். இந்தக் கிராமத்து ஊரவர்களும் கோட்டை ஊழியர்களும் வேடம் போடுவார்கள், பார்வையாளர்கள் முற்றத்தில் மர வாங்குகளில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவருடைய விதி ஒன்றுதான். வேடத்தை யாரும் தெரிவு செய்யக் கூடாது. காலையில் ஒரு துணிப் பைக்குள் கைவிட்டு மரத்துண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வாள் வந்தால் பிரபு, திறப்பு, அதாவது சாவி, வந்தால் பிரபுவுக்கு வரி வாங்குகிற மணியகாரர், சிலுவை வந்தால் பாதிரியார், அரிவாள் வந்தால் பண்ணையடிமை. எது வந்ததோ அன்று பொழுதுபடும் வரை அதுதான் நீங்கள். பிரபு மேல்மேசையில் இறைச்சி சாப்பிடுவார், அடிமைகள் முற்றத்தில் ஓட்ஸ் கஞ்சி குடிப்பார்கள்.

ஏன் இந்த விதி என்று ஒருமுறை கேட்டேன். முன்பு பொருத்தம் பார்த்து வேடம் கொடுத்தாராம். உயரமான மனிதரே எப்போதும் பிரபு, தோட்டக்காரரே எப்போதும் அடிமை. இரண்டாம் வருடம் பார்த்தால் திங்கட்கிழமையிலும் அந்த உயரமான மனிதர் தோட்டக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டாராம். "அன்றைக்கே பை தைத்தேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டிக் காயவிடுகிற காலம். ஊரவர்கள் மலைச்சரிவில் நின்றார்கள், வேடத்துக்கு ஆள் இல்லை. அம்மையார் குசினிக்குள் வந்து எங்களையும் பைக்குள் கைவிடச் சொன்னார். தோட்டக்காரருக்குச் சிலுவை வந்தது, அவர் உடனே பியர்ப் போத்தலை ஆசீர்வதித்தார். ரிக்கற் விற்கிற பெண்ணுக்கு அரிவாள். எனக்குத் திறப்பு. பொன்னம்பலம் அண்ணைக்கு அரிவாள். தர்முவுக்கு வாள்.

அன்று போட வேண்டிய காட்சி இதுதான். பண்ணையடிமை ஒருவன் செத்தால் அவன் தொழுவத்தில் உள்ள மிக நல்ல மாடு பிரபுவுக்குப் போகும். உண்மையான வழக்கம் அது, இந்த நாட்டிலும் இருந்தது. இழவு வீட்டில் அழுகை ஓயுமுன் மணியகாரர் வந்து நிற்பார். செத்தவனின் மகன் மாட்டைக் கொண்டுவந்து, முழந்தாளிட்டு, கயிற்றைப் பிரபுவின் கையில் கொடுப்பான். பிரபு தன் கையால் அவனுக்கு ஒரு கோப்பையில் குடிக்கக் கொடுப்பார். மாட்டையும் எடுத்தாயிற்று, கொடுத்தவன் மனத்தையும் நிறைத்தாயிற்று.

பிரபு தர்மு, செத்தவனின் மகன் அண்ணை என்று நான் இதைத் தமிழில் விளங்கப்படுத்தி முடிக்கும்போது இருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவரும் பார்க்கவில்லை.

முதலில் பொன்னம்பலம் அண்ணை என்னைப் படிக்கட்டடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "வாத்தியார், அந்தக் கட்டையளை மாத்தி விடுங்கோ. இவையளுக்கு என்ன தெரியப்போகுது? முழந்தாளிலை நிக்கிறதைக்கூட நான் செய்வன், அது நாடகம். ஆனா அவன்ரை கையாலை கோப்பை வாங்கி… குசினிப் பெடியள் எல்லாம் பாத்துக்கொண்டு நிக்கப்போறாங்கள். நாளைக்கு ஊருக்குக் கதை போகும்."

அவர் போய் ஒரு நிமிடம் ஆகவில்லை, தர்மு வந்தான். கண் கலங்கியிருந்தது. "வாத்தியார், என்னை அந்தக் கதிரையிலை இருத்தாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன். நான் அடிமையா நிக்கிறன், எனக்கு அது சுகம். ஐயா அவமானப்பட்டா நான் இரவைக்கு எங்கை போய்ப் படுக்கிறது?"

மேலே இருந்தவரும் கீழே இருந்தவனும் ஒரே விண்ணப்பத்தோடு வந்து நின்றார்கள். நான் அம்மையாரிடம் போனேன். இரண்டு பேர் கட்டை மாற்றிக்கொள்ள விரும்புகிறார்கள் என்றேன்.

"இரண்டு பேருமா?"

"ஓம், இரண்டு பேரும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஒருவர் கேட்டிருந்தால் விட்டிருப்பேன். வாளை எடுத்தவனே அரிவாள் வேண்டும் என்று கேட்கிறான் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. என்னவென்று சொல்லுங்கள், மாற்றிவிடலாம்."

சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரில் மனிதருக்குள் இப்படி ஒரு மேல்கீழ் இருக்கிறது என்று அந்த மனுசியிடம் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது. நாங்கள் எல்லோரும் ஒடுக்கப்பட்டு வந்தவர்கள் என்றல்லவா இந்த நாட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தோம்? "ஒன்றும் இல்லை" என்றேன். "அப்படியானால் கட்டை கட்டைதான்" என்று சொல்லிவிட்டு அவர் மாடு வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டில் தர்மு மேல்மேசையில் பட்டுத் துணி போர்த்திக்கொண்டு, இறைச்சியைத் தொடாமல் முள்ளுக்கரண்டியையே பார்த்துக்கொண்டு இருந்தான். பொன்னம்பலம் அண்ணை முற்றத்தில், மண்டபத்துக்கு முதுகைக் காட்டியபடி கஞ்சி குடித்தார். பக்கத்தில் ரிக்கற் பெண் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள், இவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

பிற்பகல் வாங்குகள் நிறைந்துவிட்டன. குசினி வாசலில் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஏப்ரனோடு நின்றார்கள். நான் மணியகாரரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, செத்தவனின் பெயரையும் பிரபுவின் உரிமையையும் உரத்து வாசித்தேன். பொன்னம்பலம் அண்ணை சாக்குச் சட்டையும் வெறுங்காலுமாக மாட்டோடு வந்தார். பக்கத்துப் பண்ணை மாடு அது, கழுத்தில் பெரிய மணி. கைதட்டலைக் கேட்டு மிரண்டு, பிரபுவின் நாற்காலிக்குக் கட்டியிருந்த பூமாலையைத் தின்னத் தொடங்கியது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அண்ணை முழந்தாளிட்டார். முழந்தாள் நிலத்தில் முட்டவில்லை, ஒரு சாண் மேலேதான் நின்றது. கயிற்றை நீட்டினார். தர்மு வாங்கி என்னிடம் தந்தான். அதுவரை எல்லாம் ஒழுங்கு.

மேசையில் ஒரு குடுவை தண்ணீரும் மரக்கோப்பையும் இருந்தன. தர்மு கோப்பையை நிரப்பினான். கையில் எடுத்தான். அண்ணையைப் பார்த்தான். பிறகு கோப்பையை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் குடுவையைத் தூக்கினான். நாற்காலியை விட்டு எழுந்து நின்று, குடுவையை உயரப் பிடித்துச் சரித்தான்.

இங்கே பிறந்த உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் சிலருக்குக் கிணற்றில் அள்ளிக் குடிக்க அனுமதி இல்லை. கிணற்றடியில் போய் நின்று காத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் யாராவது வந்து வாளியை உயரப் பிடித்து ஊற்றுவார். குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடிக்க வேண்டும். பாத்திரமும் பாத்திரமும் படாது, கையும் கையும் படாது. பிரபு ஒருவர் குடிக்கக் கொடுப்பது என்றால் தர்முவுக்குத் தெரிந்தது இந்த ஒரு முறைதான்.

தண்ணீர் விழத் தொடங்கியது. பொன்னம்பலம் அண்ணை எழுந்து போயிருக்கலாம். அடித்திருக்கவும் கூடும். மணியகாரர் வேடத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணை நிமிர்ந்து அந்தக் குடுவையைப் பார்த்தார். பிறகு முழந்தாளை நிலத்தில் ஊன்றி, இரண்டு கையையும் சேர்த்து வாயடியில் பிடித்தார்.

பழக்கம் இல்லாத கை. விரலிடுக்கால் ஒழுகியது, முழங்கையால் ஓடியது, சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. மூக்கில் ஏறிப் புரைக்கேறி இருமினார். தர்மு விடாமல் ஊற்றினான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

குசினிக்குள் வந்தபோது தர்மு பட்டுத் துணியை மடித்து வைத்துவிட்டுத் தன் உடுப்பையும் சவர்க்காரப் பெட்டியையும் ஒரு பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். பொன்னம்பலம் அண்ணை ஈரச் சட்டையோடு தண்ணீர்க் குழாயடியில் நின்றார்.

தர்முதான் வாய் திறந்தான். "ஐயா, நான் வேணுமெண்டு செய்யேல்லை. அம்மாவாணைச் செய்யேல்லை. நான் தொட்ட கோப்பையிலை உங்களைக் குடிக்க வைக்கக் கூடாதெண்டுதான் ஊத்தினனான். நீங்கள் வாய் வைக்கத் தேவையில்லைத்தானே எண்டு நினைச்சன். வேறை ஒண்டும் நினைக்கேல்லை. நான் போறன் ஐயா, நீங்கள் போகச் சொல்ல முன்னம் நானாப் போறன்."

நாங்கள் எல்லோரும் அது பழிவாங்கல் என்றே நினைத்திருந்தோம். அவனோ அவரைக் காப்பாற்ற நினைத்திருக்கிறான். அவருடைய மரியாதைக்குப் பங்கம் வராமல் இருக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பொன்னம்பலம் அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார், அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

அம்மையார் முகம் முழுக்க மகிழ்ச்சியோடு உள்ளே வந்தார். இத்தனை வருடம் படித்தும் இப்படி ஒரு வழக்கத்தைத் தான் எந்த ஏட்டிலும் காணவில்லை என்றார். அந்த நீர் ஊற்றல் எவ்வளவு கச்சிதம், பார்த்த உடனே முழு நிலமானிய முறையும் விளங்கிவிட்டது என்றார். "எங்கே இருந்து எடுத்தீர்கள்? எந்த ஊரின் வழக்கம்? இனி ஒவ்வொரு ஞாயிறும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொழி தெரிந்தவன் நான்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், பிள்ளைகள். அந்த நொடியில் எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. அவனாகக் கற்பனை செய்தான் என்று ஒரு பொய் சொல்லி அனுப்பிவிடலாம். அல்லது வாத்தியார் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, யாழ்ப்பாணத்துச் சமூக அமைப்பு என்று நல்ல ஜேர்மனில் ஒரு பாடம் எடுக்கலாம். இரண்டாவது வாய்நுனி வரை வந்துவிட்டது. அப்போது அந்த ஈரச் சட்டை கண்ணில் பட்டது. கேள்வி என்னுடையது இல்லை என்று தோன்றியது. அம்மையார் கேட்டதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் அவர்கள் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கோட்டையில் நான் எடுத்த நல்ல முடிவு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். பதில் யாருடையதோ அவரிடம் கேள்வியைக் கொடுத்துவிடுங்கள். அவர் பேசும் வரை வரும் மௌனத்தைத் தாங்கிக்கொண்டு நில்லுங்கள். அது கஷ்டம்தான்.

தர்மு நிலத்தைப் பார்த்தான். பொன்னம்பலம் அண்ணை புறங்கையால் தாடையில் சொட்டிய தண்ணீரைத் துடைத்தார்.

"எங்கட வீட்டுக் கிணத்தடி எண்டு சொல்லுங்கோ, வாத்தியார்" என்றார். "ஊத்திறது நான். கையேந்தி நிண்டது இவனும் இவன்ரை தாய் தகப்பனும். அதையும் சொல்லுங்கோ."

சொன்னேன். அம்மையாருக்கு உடனே பிடிபடவில்லை. அவர் சரித்திரக்காரர், பழக்கத்தில் கேட்டுவிட்டார். "எந்த நூற்றாண்டு?"

நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. நூற்றாண்டு என்ற அந்த ஜேர்மன் சொல்லைக் குசினி வாசலைக் கடக்கும் சுற்றுலாக்களில் நாளெல்லாம் கேட்டுப் பழகியவர் பொன்னம்பலம் அண்ணை. தலைமைச் சமையல்காரர் அடுப்படியில் நின்று எங்களை விரட்டக் கத்துகிற ஜேர்மன் சொல் ஒன்று உண்டு, "இப்போது" என்று அர்த்தம். அதை எடுத்து அவரே பதில் சொன்னார்.

"யெட்ஸ்ட்."

அம்மையாரின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதைப் பார்த்தேன். தர்முவைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், காலையில் "ஒன்றும் இல்லை" என்று சொன்ன என்னையும் பார்த்தார். திட்டவில்லை. "அப்படியானால் இதை நான் எடுத்துக்கொள்ள முடியாது" என்றார். "இது என்னுடைய விளையாட்டுக்கு உரியது இல்லை." இருவருக்கும் கை கொடுத்தார். தர்முவுக்கு முதலில், அண்ணைக்குப் பிறகு. வெளியே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினார்.

அறை போனதா, வேலை போனதா என்று உங்களுக்குப் பதைப்பாக இருக்கும். போகவில்லை. அந்த மேல்மாடியில் தர்மு மனைவியும் பிள்ளையும் வந்து சேரும் வரை இருந்தான். பொன்னம்பலம் அண்ணை ஒரே நாளில் மகானாகிவிட்டார் என்றும் நினைக்காதீர்கள். பின்னாளில் மகளுக்கு மாப்பிள்ளை தேடியபோது சாதி பார்த்துத்தான் தேடினார். அதே கலியாணத்தில் தர்மு குடும்பத்தை முன்வரிசையில் இருத்தித் தன் கையால் பரிமாறினார். மனிதர் முக்கோணம் இல்லை, ஒரே கோட்டில் வரைய முடியாது. அதையும் உங்கள் சுற்றுலாவில் சொல்லுங்கள், நேரம் இருந்தால்.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு, கதவு சாத்திய பிறகும் தர்மு பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். போவதா நிற்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. பொன்னம்பலம் அண்ணை ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். உதறிப் போட்டுக்கொண்டார்.

"எங்கை வெளிக்கிட்டனி?" என்றார். "மாடு முத்தத்திலை நிக்குது. கொண்டுபோய் விடவேணும். எனக்கு அது அடங்காது. வா."

தர்மு பையைக் கீழே வைத்தான்.

பண்ணைக்குப் போகிற பாதை உங்களுக்குத் தெரியும், மதிலுக்கும் வேலிக்கும் நடுவில் ஏறிப் போகிற ஒடுக்கமான ஒழுங்கை. நான் மேல்யன்னலில் நின்று பார்த்தேன். மாடு முன்னால் போனது. அண்ணை ஒரு கால் பாதையிலும் ஒரு கால் புல்லிலுமாக ஓரமாக நடந்தார், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு. தர்மு பழக்கத்தில் பின்தங்கினான். அவர் நின்றார். அவன் வந்து சேர்ந்ததும் நடந்தார். கொஞ்சத் தூரத்தில் அவன் மறுபடியும் பின்தங்கினான், அவர் மறுபடியும் நின்றார். திரும்பிப் பார்க்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை, நின்றுகொண்டே இருந்தார். மாடு தன்பாட்டில் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது, அதன் மணிச் சத்தம் பண்ணைத் தொழுவத்தில் கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் இன்னும் பாதி வழியில்தான் இருந்தார்கள்.